தாய்ப்பறவையை விரட்டிவிட்டுக் குஞ்சை எடுத்துக்கொள்: யூதக் கட்டளைகளுக்குக் காரணம் கேட்கலாமா?

கூடல்வாசி:

இரண்டு மாதமாக வேலைக்குப் போகவர ரயிலில் பழைய ஏற்பாடு படித்துக்கொண்டிருக்கிறேன். நான் கிறிஸ்தவப் பெண் இல்லை, யூத மதம் பற்றியும் எதுவும் தெரியாது. சும்மா ஒரு ஆர்வம்தான். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முதல் பாதியும் கதையாக ஓடிவிட்டன. லேவியராகமத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. ஒருவழியாகத் தள்ளிக்கொண்டு உபாகமம் 22க்கு வந்து சேர்ந்தேன்.

அந்த ஒரே அதிகாரத்தில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். அடுத்தவன் மாடு வழிதவறிப் போனால் பார்த்தும் பார்க்காததுபோல் போகாதே, ஓட்டிக்கொண்டு வந்து கொடு. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை. மாட்டையும் கழுதையையும் சேர்த்து ஏரில் பூட்டாதே. இதெல்லாம் புரிகிறது. கூடவே, கம்பளியும் லினனும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே என்கிறது. இது ஏன்?

என்னை ரொம்பக் குழப்பியது குருவிக்கூடு. வழியில் ஒரு கூட்டைப் பார்க்கிறாய், தாய் முட்டைமேலோ குஞ்சுமேலோ உட்கார்ந்திருக்கிறது. தாயையும் சேர்த்துப் பிடிக்காதே. தாயைப் போகவிட்டுக் குஞ்சை எடுத்துக்கொள். அப்படிச் செய்தால் நன்றாயிருப்பாய், நீண்ட நாள் வாழ்வாய்.

இரக்கம்தான் காரணம் என்றால் குஞ்சை எடுக்கச் சொல்வானேன்? இரக்கம் இல்லை என்றால் தாயை எதற்கு விடவேண்டும்? யூதர்களே இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

பாளையங்கோட்டை:

நல்ல இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள் அம்மா. இன்னொன்றையும் கவனியுங்கள். தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளைக்கும் இதே பரிசுதான், இதே நீண்ட ஆயுள்தான் (உபாகமம் 5:16). ஒன்று ஆயுள் முழுக்கச் சுமக்கவேண்டிய கடமை. மற்றது கையை ஒருமுறை ஆட்டினால் முடிந்துபோகும் காரியம். இரண்டுக்கும் ஒரே கூலி என்றால் எது பெரிய கட்டளை, எது சின்னது என்று தராசில் வைத்துப் பார்க்க முடியாது. ரபீக்கள், அதாவது யூத வேத அறிஞர்கள், இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறார்கள்.

சந்தேகப்பிராணி:

இதில் குழம்ப ஒன்றுமில்லை. தாயை விட்டால் அது மறுபடி முட்டையிடும், அடுத்த வருடமும் குஞ்சு கிடைக்கும். இரண்டையும் பிடித்தால் இனமே அழிந்துபோகும். சினை மீனைப் பிடிக்காதே என்பதுபோலத்தான். பன்றி வேண்டாம் என்றதும் அப்படியே, புழு வரும் என்று அனுபவத்தில் கண்டுகொண்டு விலக்கினார்கள். எந்தச் சடங்கைச் சுரண்டினாலும் அடியில் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கும். மேலே சாமி பெயரைப் பூசிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

பழைய ஆய்வாளன்:

இஸ்ரேலில் ரெகோவோத் ஊரில் ஆய்வு வேலையாக இரண்டு வருடம் இருந்தேன். இந்தக் குருவிக்கூடு விஷயம் என் வீட்டு பால்கனியிலேயே நடந்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் மாடி. பால்கனியில் காய்ந்துபோன ஒரு பூந்தொட்டி, அதன் பின்னால் புறா ஒன்று நாலு சுள்ளியைப் போட்டுக் கூடென்று பெயர் பண்ணி இரண்டு முட்டை இட்டிருந்தது. படிக்கட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். அன்றைக்கே இரண்டாம் மாடிக்காரர் கதவைத் தட்டினார். முப்பது வயதிருக்கும், சமய ஒழுக்கம் கடைப்பிடிக்கிறவர், அதுவரை வணக்கம் சொன்னதோடு சரி. "உங்கள் பால்கனியில் புறா அடைகாக்கிறதாமே, நான் வரலாமா?" என்றார். தாராளமாக என்றேன். அவரோ உள்ளே வராமல், "முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்தக் கூடு உங்களுடையதா?" என்று கேட்டார். புறா கட்டியது, என்னுடையது எப்படி ஆகும்? "அப்படியானால் என்னுடையது இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்." சொன்னேன். வளர்ப்புப் பறவைக்கு இந்தக் கட்டளை பொருந்தாது, வழியில் தற்செயலாகத் தென்படும் கூட்டுக்குத்தான் பொருந்தும். என் வீட்டுக்குள் இருப்பதால் முட்டை எனக்குச் சொந்தமாகிவிடக் கூடாது என்பது கணக்கு.

உடனே செய்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டார். புறாவில் பகல் பொழுதில் ஆண் உட்காரும், பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் காலைவரை பெண் உட்காரும். வேதம் சொல்வது தாயை. ஆணை விரட்டினால் கட்டளை நிறைவேறாது. நான் உயிரியல் படித்தவன், எனக்கு இது தெரியாது!

பொழுது சாயும்போது வந்தார். ஒரு குச்சியால் பால்கனிக் கம்பியை மெல்லத் தட்டினார். புறா நகரவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே தட்டினார். படபடவென்று எழும்பிப் போனது. இரண்டு முட்டையையும் உள்ளங்கையில் எடுத்து ஒரு முழங்கை உயரம் தூக்கினார், ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தார், பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். கை நடுங்கியது. முட்டை வேண்டாமா என்றேன். சிரித்துக்கொண்டு, கல்யாணமாகி ஆறு வருடம், இன்னும் குழந்தை இல்லை என்று மட்டும் சொன்னார். பிள்ளை வேண்டுவோர் கூடு தேடிப் போய் இதைச் செய்யும் வழக்கம் அங்கே உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

கூடல்வாசி கேட்ட கேள்விதான் அன்று இரவு எனக்கும் வந்தது. முட்டை வேண்டாதவர், ஒரு தாயை எதற்கு விரட்டினார்? அதை விசாரிக்கப் போய்த்தான் மற்றதெல்லாம் கற்றுக்கொண்டேன்.

முதல் அதிர்ச்சி மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஜெபத்தை முன்நின்று நடத்துகிறவர் "உம் இரக்கம் குருவிக்கூடு வரைக்கும் எட்டுகிறதே" என்று கடவுளைப் புகழ்ந்தால், அவர் வாயை அடக்க வேண்டுமாம் (பெராகோத் 5:3). ஏன் என்று, மிஷ்னாவை விவாதித்து விரித்த தல்மூத்தில் இரண்டு பேர் இரண்டு பதில் சொல்கிறார்கள். குருவிக்கு மட்டும் இரக்கமா என்று மற்ற உயிர்களுக்குள் பொறாமை மூட்டுகிறான் என்பது ஒன்று. கடவுளின் ஆணைகளை வெறும் இரக்கமாக்கிவிடுகிறான், அவை ஆணைகளே தவிர வேறில்லை என்பது மற்றது.

அப்புறம் ரம்பாம் வருகிறார். (ரம்பம் இல்லை, நெடில். வெளியில் மைமோனிடிஸ் என்பார்கள்.) ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவில் பிறந்து, எகிப்தில் வைத்தியம் பார்த்து, 1204ல் இறந்தவர். இவர் தம் சட்டத் தொகுப்பில் மிஷ்னா சொன்னதையே எழுதிவிட்டுக் காரணமும் தருகிறார்: இரக்கம்தான் நோக்கம் என்றால் நமக்கு உயிர்களை அறுக்கவே அனுமதி தந்திருக்க மாட்டார். உங்கள் கேள்வியேதான் கூடல்வாசி, 800 வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டார். ஆனால் அதே மனிதர், திகைத்து நிற்பவர்களுக்கு வழிகாட்ட அரபியில் எழுதிய நூலில் (மூன்றாம் பாகம், 48ஆம் அத்தியாயம்) தலைகீழாகப் பேசுகிறார். குட்டிமேல் தாய் வைக்கிற பாசம் அறிவிலிருந்து வருவதில்லை, அது மனிதனுக்கும் விலங்குக்கும் ஒன்றுதான், தன் கண்ணெதிரே குஞ்சை எடுப்பதைப் பார்த்தால் தாய் துடிக்கும், அதனால்தான் அனுப்பிவிடச் சொன்னது என்கிறார். அடைகாத்த முட்டையையும் சின்னக் குஞ்சையும் யாரும் விரும்பித் தின்பதில்லை, தாயை விரட்டவேண்டும் என்றால் பெரும்பாலும் கூட்டையே தொடாமல் போய்விடுவான் என்றும் சேர்க்கிறார். மிஷ்னா வாயை அடக்கச் சொல்கிறதே என்றால், அது கட்டளைகளுக்குக் காரணமே இல்லை என்கிற கட்சியின் கருத்து, நாம் மற்றக் கட்சி என்கிறார்.

சட்டம் எழுதும் கை ஒன்று, தத்துவம் எழுதும் கை ஒன்று. இதை எப்படிச் சமாளிப்பது என்று அவருக்குப் பிறகு வந்தவர்கள் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கூடல்வாசி:

அய்யோ, இதற்குத்தான் கேட்டேன். நன்றி. அந்த அண்டை வீட்டுக்காரர் மனதை விட்டுப் போகமாட்டார் போலிருக்கிறது. மேலே சொல்லுங்கள்.

சந்தேகப்பிராணி:

நான் சொன்ன சினை மீன் காரணத்தை யாரும் சொல்லவில்லையா?

பழைய ஆய்வாளன்:

சொன்னார்களே. 1508ல் இறந்த வேத உரையாசிரியர் அபர்பனேல் கிட்டத்தட்ட நீங்கள் சொன்னதையே எழுதியிருக்கிறார். தாய் போய் மறுபடி முட்டையிடும், இனம் நிலைக்கும், அதுதான் உனக்கு நன்றாயிருக்கும் என்பதன் பொருள் என்று. ஆனால் அவர் உங்கள் பன்றிக் காரணத்தைக் குப்பையில் போட்டுவிட்டார். உடம்புக்கு ஆகாது என்பதற்காகத்தான் விலக்கினார் என்றால் வேதம் ஒரு குட்டி வைத்தியப் புத்தகமாகிவிடும். சுற்றியிருக்கிற மற்ற ஜனங்கள் பன்றி தின்றுவிட்டு நம்மைவிடத் திடமாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்கிறார்.

ரம்பாம் வைத்தியர் ஆயிற்றே, அவர் பன்றியில் ஈரம் அதிகம், அழுக்கும் அதிகம் என்பார். பன்றி வளர்க்க விட்டால் தெருவெல்லாம் கக்கூஸைவிடக் கேவலமாகும், பிராங்கியர் ஊர்களைப் பாருங்கள் என்று ஐரோப்பாவைக் காட்டுவார். எகிப்தில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவின் சாக்கடையைக் கிண்டலடித்திருக்கிறார் மனிதர்.

பாளையங்கோட்டை:

தம்பி சொன்னதோடு ஒரு வகைப்பாட்டையும் சேர்க்கிறேன். இறையியல் கல்லூரியில் இருபது வருடம் இதைப் பாடம் நடத்தியவன். ரபீக்கள் மிஷ்பாத்திம், ஹுக்கிம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கொலை, களவு போன்றவை மிஷ்பாத்திம். எழுதப்படாமல் போயிருந்தாலும் மனிதர்களே எழுதியிருக்க வேண்டியவை என்கிறது தல்மூத் (யோமா 67). ஹுக்கிம் என்பவை காரணம் புலப்படாமல் ஊர் சிரிக்கிற வகை. பன்றி, கம்பளி லினன், பாவங்களைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகிற வெள்ளாடு. உங்கள் துணிக் கேள்வி இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது அம்மா. அந்தக் காலத்துப் புறமதப் பூசாரிகள் அப்படிக் கலந்து உடுத்தினார்கள், அதனால்தான் விலக்கியது என்று ரம்பாம் ஒரு காரணம் சொன்னார். எல்லாரும் ஏற்கவில்லை.

ஹுக்கிமில் உச்சம், எண்ணாகமம் 19ல் வருகிற சிவப்புக் கிடாரி. அதைச் சுட்டெரித்த சாம்பலைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் பிணத்தைத் தொட்ட தீட்டுப் போகும். ஆனால் அந்தச் சாம்பலைத் தயாரிக்கிறவனுக்குத் தீட்டு ஒட்டும். புறஜாதியான் ஒருவன் ரபான் யோகனான் பென் சக்காய் என்ற ரபீயிடம் வந்து, இது மாந்திரீகம் மாதிரி இருக்கிறதே என்றான். உங்கள் ஊரில் பேய் பிடித்தவனுக்கு வேரைப் புகைத்துத் தண்ணீர் தெளித்து ஓட்டுவதில்லையா, அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அவன் போனதும் சீடர்கள் பிடித்துக்கொண்டார்கள். "அவனைத் துரும்பைக் காட்டித் தள்ளிவிட்டீர், எங்களுக்கு என்ன சொல்வீர்?" கிழவர் சொன்னார்: "பிணம் தீட்டாக்குவதும் இல்லை, தண்ணீர் சுத்தமாக்குவதும் இல்லை. ராஜா இட்ட ஆணை அது."

என் மாணவர்கள் வருடா வருடம் இந்தக் கதைக்குச் சிரிப்பார்கள். துரும்பு என்ற சொல்லுக்குத்தான்.

கறிக்கடைப் பேரன்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரக்கம், விலங்கு என்று வந்தாலே கடைசியில் கறிக்கடைக்காரன் தலையில் விடியும். இங்கேயும் வருமா?

பழைய ஆய்வாளன்:

வரும். மன்னிக்கணும், கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

ரம்பான் என்று இன்னொருவர் (ஆமாம், ஒரே ஒரு எழுத்து மாற்றம், அங்கேயும் இந்தக் குழப்பம் உண்டு). 1194ல் கிரோனாவில் பிறந்தவர். அவர் இந்தக் குருவிக்கூட்டு வசனத்துக்கு எழுதிய உரைதான் இந்த விவாதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. கடவுளின் இரக்கம் குருவியை எட்டியது என்பது இதன் பொருள் இல்லை, எட்டியிருந்தால் அறுப்பதையே தடுத்திருப்பார் என்று ரம்பாமின் சட்டப் புத்தக வாதத்தை எடுத்துக்கொள்கிறார். ஆனால் அதனால் காரணமே இல்லை என்று ஆகிவிடாது. காரணம் குருவியிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. கொடுமை நம் மனதில் பழகிவிடக் கூடாது. அதற்கு ஒரு பழைய மித்ராஷ் (ரபீக்களின் வேத விளக்கம்) வாசகத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறார்: கழுத்தின் முன்பக்கம் அறுத்தால் என்ன, பின்பக்கம் அறுத்தால் என்ன, கடவுளுக்கு அதில் என்ன வந்தது? மனிதர்களைப் புடம்போடவே கட்டளைகள் தரப்பட்டன. பொன்னை உருக்கிச் சுத்தம் செய்யும் தட்டான் சொல்கிற சொல்தான் அங்கே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் தொழில் வருகிறது. கொடுமை பழகிவிடும் என்பதற்குச் சாட்சியாக, கசாப்புக்காரரில் நல்லவன்கூட அமலேக்கின் கூட்டாளி என்ற தல்மூத் சொலவடையை எடுத்துப் போடுகிறார். அமலேக் என்றால் இஸ்ரவேலின் பரம எதிரி.

கறிக்கடைப் பேரன்:

நினைத்தேன்.

என் தாத்தா நாற்பது வருடம் கடை வைத்திருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முதல் வேலையாகக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிவிட்டு, கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். நகத்தில் தட்டினால் மறுபடி தீட்டுவார். ஒரு ஆடு இன்னொரு ஆட்டைப் பார்க்கும்படி அறுக்கமாட்டார், சாக்கை இழுத்து மறைத்துவிடுவார். எந்தப் புத்தகமும் சொல்லிக் கொடுத்துச் செய்யவில்லை. அவரைவிட மென்மையான ஆளை நான் பார்த்ததில்லை. கறி தின்றுவிட்டுக் கையைக் கழுவுகிறவன் இரக்கத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுவான், ரத்தம் பட்ட கை மட்டும் கொடுமைக்காரன் கையா? உங்கள் ரம்பான் ஆட்டுக்கறி சாப்பிடாதவரா?

பழைய ஆய்வாளன்:

சாப்பிட்டிருப்பார். உங்கள் கேள்வி நியாயம், அதற்கு அவரிடம் பதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் தாத்தா நகத்தில் இழுத்துப் பார்த்தார் என்று படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. யூத ஷோகேத், அதாவது முறைப்படி அறுப்பவர், செய்வது அட்சரம் பிசகாமல் அதுதான். கத்தியின் முனையையும் இரண்டு பக்க ஓரத்தையும் விரல் சதையிலும் நகத்திலும் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தல்மூத்திலேயே இருக்கிறது (ஹுல்லின் 17). மயிரளவு பிசிர் இருந்தாலும் அந்தக் கத்தி ஆகாது. அறுத்த பிறகும் பார்க்கவேண்டும், அப்போது பிசிர் தெரிந்தால் அந்தக் கறியையும் ஒதுக்கிவிடுவார்கள். ரம்பான் சொன்ன புடம் இதுதானோ என்னவோ. அப்படியானால் தாத்தா அமலேக் பக்கம் இல்லை, புடம்போட்ட பக்கம்.

கறிக்கடைப் பேரன்:

சரி, சமாதானம். 😀

பாளையங்கோட்டை:

இதே பேச்சுக்குத் தல்மூத்தில் ஒரு கதை இருக்கிறது (பாவா மெத்சியா 85). மிஷ்னாவைத் தொகுத்த ரபீ யூதா, அறுக்கக் கொண்டுபோன கன்று ஒன்று ஓடிவந்து தம் அங்கியின் மடிப்பில் தலையைப் புதைத்துக்கொண்டு அழுதபோது, "போ, இதற்காகத்தானே படைக்கப்பட்டாய்" என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இவன் இரக்கம் காட்டவில்லை, இவனுக்கு வேதனை வரட்டும் என்று மேலே தீர்ப்பாயிற்று. பதின்மூன்று வருடம் நோயில் கிடந்தார். பிறகு ஒருநாள் வீட்டு வேலைக்காரி பெருக்கும்போது மரநாய்க் குட்டிகள் சில மூலையில் கிடந்தன, அவற்றையும் சேர்த்துத் தள்ளப் போனாள். "விட்டுவிடு, அவர் இரக்கம் அவருடைய எல்லாப் படைப்பின்மேலும் இருக்கிறதே" என்றார், சங்கீதம் 145. அன்றோடு நோய் போயிற்று.

கடவுளின் இரக்கம் என்று சொன்னால் வாயை அடக்கு என்கிற அதே தல்மூத்தில்தான் இதுவும் இருக்கிறது.

சந்தேகப்பிராணி:

கதை நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் இந்தக் காரண விவகாரமெல்லாம் கடைசியில் ஓட்டை தேடத்தான் பயன்படுகிறது என்பது என் கட்சி. ஏழாம் வருடம் கடனைத் தள்ளுபடி பண்ணு என்று உபாகமம் 15 சொல்கிறது. ஹில்லேல் என்ற ரபீ ஒரு பத்திரம் எழுதச் சொல்லி அந்தத் தள்ளுபடியையே இல்லாமல் ஆக்கிவிட்டாராமே? கடவுள் சட்டத்துக்குக் கள்ளச்சாவி.

பழைய ஆய்வாளன்:

அந்தப் பத்திரத்துக்குப் பெயர் ப்ரோஸ்புல். நல்ல கேள்வி, இதில்தான் எனக்கே உங்கள் பக்கம் சாயத் தோன்றும். ஆனால் அந்த அதிகாரத்தை முழுக்கப் படியுங்கள். தள்ளுபடி வருடம் கிட்டே வருகிறதே என்று ஏழைக்குக் கடன் கொடுக்காமல் கையை மூடிக்கொள்ளாதே என்று அங்கேயே எச்சரிக்கை இருக்கிறது (15:9). ஹில்லேல் காலத்தில் நடந்ததே அதுதான். கடன் பிறப்பதே நின்றுபோயிற்று. ஏழையைக் காக்க வந்த சட்டம் ஏழையின் அடுப்பையே அணைத்தது. அவர் செய்தது இதுதான்: கடனை வசூலிக்கும் உரிமையை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து ஒரு பத்திரம். தள்ளுபடி தனியாள் கடனுக்குத்தான், மன்றத்தின் கையிலிருக்கும் கடனுக்கு இல்லை. சட்டத்தை ரத்து செய்யவில்லை, இன்றைக்கும் அது ஏட்டில் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் பத்திரமும் இருக்கிறது.

நோக்கம் என்ன என்று யோசிக்காமல் இதைச் செய்திருக்க முடியாது. கண்ணுக்குக் கண் என்பதைப் பணநட்டம் என்று வாசித்ததும் அப்படித்தான் (பாவா கம்மா 83, 84). சேதம், வலி, வைத்தியச் செலவு, வேலை போன நாட்கள், அவமானம் என்று ஐந்து தலைப்பில் இழப்பீடு. அந்த வசனத்தை வைத்து யூதர்களைத் திட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை.

கூடல்வாசி:

அப்படியானால் வேதத்திலேயே காரணத்தை எழுதி வைத்திருக்கலாமே? இத்தனை சண்டை இருந்திருக்காது.

பாளையங்கோட்டை:

இரண்டே இரண்டு இடத்தில் எழுதிப் பார்த்தார்கள், உலகத்திலேயே பெரிய ஆள் அதில் தடுக்கி விழுந்தான் என்கிறது தல்மூத் (சன்ஹெத்ரின் 21). ராஜா நிறைய மனைவிகளை வைத்துக்கொள்ளக் கூடாது, அவன் இருதயம் விலகும். நிறையக் குதிரை வைத்துக்கொள்ளக் கூடாது, ஜனங்களை எகிப்துக்குத் திருப்புவான். சாலொமோன் சொன்னானாம்: எனக்குக் காரணம் தெரியும், நான் நிறைய மனைவிகளை வைத்தும் விலகமாட்டேன். எழுநூறு மனைவியர், முந்நூறு மறுமனைவியர், கடைசியில் என்ன ஆயிற்று என்று ராஜாக்கள் புத்தகத்தில் இருக்கிறது.

மொட்டைமாடி:

"எனக்குக் காரணம் தெரியும், அதனால் எனக்குப் பொருந்தாது." ஹெல்மெட் போடாத என் தம்பி தினமும் சொல்வது.

சந்தேகப்பிராணி:

அப்போ ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆணை என்றால் ஆணை என்று நேராகச் சொல்கிற யூதர் யாராவது உண்டா? அது எனக்குப் பிடிக்கும். ஒத்துக்கொள்ளமாட்டேன், ஆனால் நேர்மையாக இருக்கும்.

பழைய ஆய்வாளன்:

உண்டு. யெஷயாகு லைபோவிட்ஸ், 1903ல் ரீகாவில் பிறந்து 1994ல் ஜெருசலேமில் இறந்தவர். எபிரேயப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர், வேத ஒழுக்கத்தையும் இம்மி விடாதவர். அவர் சொன்னது: கட்டளையின் ஒரே அர்த்தம் கடவுளுக்குச் செய்யும் ஊழியம். உடல்நலத்துக்காக, நாட்டுக்காக, நல்லொழுக்கத்துக்காக என்று செய்தால் நீ உனக்குத்தான் ஊழியம் செய்கிறாய். ஜெபத்தில் எதையாவது கேட்டு வாங்கலாம் என்று நினைப்பதும் அதே கணக்கு.

இதில் வேடிக்கை அவருடைய தங்கை. நெஹாமா லைபோவிட்ஸ், 1905ல் பிறந்தவர். 1942லிருந்து ஏறக்குறைய முப்பது வருடம், அந்தந்த வார வேதப் பகுதிக்குக் கேள்வித்தாள் தயாரித்துத் தபாலில் அனுப்புவார். ராணுவத்தில் இருப்பவர், விவசாயக் குடியிருப்பில் இருப்பவர், வீட்டில் இருக்கும் பெண்கள் என்று பதில் எழுதி அனுப்பியவர்களின் தாள்களைத் தம் கையாலேயே திருத்தித் திருப்பி அனுப்பினார். அவர் பாடங்களைப் படித்தால் ஒவ்வொரு கட்டளையும் மனிதனை எங்கே தொடுகிறது என்பதுதான் கேள்வியாக இருக்கும். கல்லறையில் பெயருக்குக் கீழே ஆசிரியை என்று மட்டும் இருக்கிறது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர், இரண்டு பேரும் கட்டளைகளை அப்படியே கடைப்பிடித்தவர்கள், எதற்காக என்று கேட்டால் எதிரெதிர் பதில்.

அண்ணன் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்கு முடியவில்லை. ஆனால் கையில் இரண்டு முட்டையை வைத்துக்கொண்டு நின்றாரே இரண்டாம் மாடிக்காரர், அவரிடம் போய் "இது ஊழியம் இல்லை, உன் ஆசை" என்று என்னால் சொல்லியிருக்க முடியாது.

கூடல்வாசி:

என் கேள்வியில் பாதி இன்னும் நிற்கிறது. முட்டை வேண்டாம் என்றால் தாயை விரட்டலாமா கூடாதா?

பழைய ஆய்வாளன்:

இதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். காரணத்தைப் பற்றிய சண்டை கையை எப்படி அசைக்கிறது என்பது இங்கேதான் தெரியும். ஹத்தம் சோஃபர் என்ற ரபீ (1839ல் இறந்தவர்) சொன்னார்: உனக்குக் குஞ்சு தேவையென்றால்தான் தாயை அனுப்பவேண்டும், தேவையில்லாமல் விரட்டுவது வெறும் கொடுமை, அப்படியே விட்டுவிட்டு வழியைப் பார்த்துப் போ. இரக்கம் அல்லது புடம் என்கிற பக்கத்திலிருந்து பார்த்தால் இதுதான் வரும். அவருக்கு முன்பே யாயிர் பக்கராக் என்ற ரபீ, கூடு உன் வழியில் வந்தால் குஞ்சு வேண்டாம் என்றாலும் அனுப்பத்தான் வேண்டும் என்ற பக்கம் எழுதியிருந்தார். மறைஞானிகள் அந்தப் பக்கம். தாய் கூட்டைவிட்டு அலைந்து கதறுகிற கதறல் மேலே எட்டும், வீடிழந்து சிதறிக்கிடக்கும் தம் ஜனத்தைக் கடவுள் நினைத்துக்கொள்வார், இரக்கம் உலகத்துக்கே இறங்கும் என்பார்கள். ஆக, ஒரு பக்கத்தில் அந்தக் கதறலைத் தவிர்க்கத்தான் கட்டளை. இன்னொரு பக்கத்தில் அந்தக் கதறலுக்காகத்தான் கட்டளை.

ஒரே வசனம். ஒருவர் கூட்டைப் பார்த்ததும் சத்தம் போடாமல் விலகிப் போவார், இன்னொருவர் குச்சியோடு மாடியேறி வருவார்.

என் கருத்து ஹத்தம் சோஃபர் பக்கம். எனக்கு அங்கே ஓட்டு இல்லை, அது வேறு.

பாளையங்கோட்டை:

பரிசு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லையே. ஒரு தகப்பன் மகனிடம் மாடத்தில் ஏறிக் குஞ்சு எடுத்துவா என்றான். மகன் ஏறினான், தாயை அனுப்பிவிட்டுக் குஞ்சை எடுத்தான், இறங்கும்போது விழுந்து செத்தான். தகப்பன் சொல்லைக் கேட்டிருக்கிறான், தாய்ப்பறவையையும் அனுப்பியிருக்கிறான். நீண்ட ஆயுள் தருவதாக வேதம் சொன்ன இரண்டு கட்டளையையும் ஒரே நேரத்தில் செய்தவன். இதைக் கண்டுதான் எலீஷா பென் அபூயா என்ற பெரிய ரபீ விசுவாசத்தை விட்டுப் போனார் என்று சிலர் சொல்கிறார்கள். அதன்பின் அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் "வேறொருவன்" என்றே குறிப்பிட்டார்கள்.

அந்த வாக்குறுதி இந்த உலகத்தைப் பற்றியதே இல்லை, முடிவில்லாத நாளைப் பற்றியது என்று ரபீ யாக்கோப் விளக்கம் சொன்னார். எலீஷாவின் மகள் வயிற்றுப் பேரன் அவர். பேரன் சொன்னதைத் தாத்தா யோசித்திருந்தால் போயிருக்கமாட்டார் என்கிறது தல்மூத் (கித்துஷின் 39). சரி, நல்ல காரியத்துக்குப் போகிறவனுக்கு வழியில் தீங்கு வராதே என்றால், ஏணி ஆடிக்கொண்டிருந்தது, ஆடுகிற ஏணியில் ஏறிவிட்டு அற்புதத்தை நம்பக்கூடாது என்று அங்கேயே ஒரு பதில். முப்பது முறை பாடம் எடுத்திருப்பேன், அந்த ஏணி வரும்போதெல்லாம் வகுப்பில் சத்தமே இருக்காது.

கறிக்கடைப் பேரன்:

மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை என்று அடுத்த வசனத்திலேயே இருக்கிறதாமே. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

சந்தேகப்பிராணி:

அது மட்டும் காரணம் கேட்காமலே புரிகிறது.

கூடல்வாசி:

ஆய்வாளரே, ஒன்றே ஒன்று. அந்தப் புறா திரும்பி வந்ததா?

பழைய ஆய்வாளன்:

வந்தது. இருபது நிமிடம் போல ஆனது. அதுவரை அவரும் போகவில்லை, பால்கனிக் கதவுக்குப் பின்னால் விளக்கைப் போடாமல் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். எதிர் மாடிக் கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வந்து முட்டையைக் காலால் புரட்டிச் சரிபண்ணி உட்கார்ந்தது. அவர் மூச்சை விட்டார். பத்து நாள் கழித்து ஒரு முட்டை பொரித்தது, மற்றது பொரிக்கவில்லை. படிக்கட்டில் பார்த்தபோது ஒன்றுதான் என்றேன். ஒன்று போதும் என்றார்.